கேளுங்க சார்! – ஒரே பாட்டு, ரெண்டு வருஷம்

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான பிளாக் சபாத்தின் 'பாரனாய்ட்' சிங்கிள் (ஒரு பாட்டை முன்வைத்துத் தனியாக விடும் சின்ன இசைத்தட்டு) 1970இல் வந்தது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். என்னிடம் உள்ள பட்டியலிலோ 1980, பிரிட்டிஷ் தரவரிசையில் 14ஆம் இடம் என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? (வாசகர், திருச்சி)

பதில்: பந்தயம் ஏதும் கட்டியிருந்தால் அவரவர் பணத்தை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சரி. நானும் பல வருஷம் உங்கள் கட்சிதான். அண்ணன் பதிந்து வைத்திருந்த டிடிகே கேசட்டின் அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் '1980' என்று எழுதியிருக்கும். அண்ணன் எழுதினால் வேதம்.

கதை 1970இல் தொடங்குகிறது. இரண்டாவது ஆல்பத்துக்குப் பாட்டு குறைகிறது, மூன்று நிமிஷத்துக்கு எதையாவது போட்டு நிரப்பு என்கிறார்கள். மற்ற மூவரும் சாப்பிடப் போன நேரத்தில் டோனி ஐயோமி கிதாரில் அந்த ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் மெட்டைப் பிடித்துவிட்டார். கீஸர் பட்லர் வரிகளை எழுதித் தர, ஆஸி ஆஸ்போர்ன் பாடினார். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் பாட்டு தயார் என்பது டிரம்மர் பில் வார்டின் கணக்கு. ஆல்பத்துக்கு முன்பே வெர்டிகோ நிறுவனம் அதைச் சிங்கிளாக விட்டது. பின்பக்கம் முதல் ஆல்பத்தின் 'தி விசார்ட்'. பிரிட்டனில் 4ஆம் இடம், அமெரிக்காவில் 61. இட்டு நிரப்ப வந்த பாட்டு வீட்டுக்கே பெயர் வைத்தது: 'வார் பிக்ஸ்' என்று வரவேண்டிய ஆல்பம், அந்த செப்டம்பரில் 'பாரனாய்ட்' என்று வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அட்டையை மட்டும் மாற்றவில்லை. அதில் வாளும் கேடயமுமாகப் பாய்கிற ஆசாமிக்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அவர் 'வார் பிக்ஸ்'காரர்.

பாட்டு ஹிட் ஆனதில் இவர்களுக்குச் சங்கடம். பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' டிவி நிகழ்ச்சியில் தோன்றிய பிறகு கச்சேரிகளில் சிறுமிகள் வந்து கிறீச்சிட ஆரம்பித்தார்கள். சிங்கிளே வேண்டாம் சாமி என்று ஒதுங்கினார்கள். பிரிட்டனில் அடுத்தது 1972இல்தான்.

இப்போது உங்கள் 1980. முந்தின வருஷமே ஆஸியை நீக்கிவிட்டு, ரோனி ஜேம்ஸ் டியோவை வைத்து 'ஹெவன் அண்ட் ஹெல்' கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் பழைய பாட்டுகளின் உரிமை நெம்ஸ் நிறுவனத்தின் கையில். பெயர் சூடாக இருக்கும்போதே அவர்கள் 'பாரனாய்டை' மறுபடி இறக்கினார்கள். அது 14. குழுவின் புத்தம்புதுச் சிங்கிள் 'நியான் நைட்ஸ்' 22. ஆஸி தனியாக வந்து விட்ட 'கிரேஸி டிரெய்ன்' 49. மகன்கள் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனியாகக் கடை போட்ட தெருவில், அப்பாவின் பழைய கடை நன்றாக ஓடிய மாதிரி. அதே வருஷம் 1973 கச்சேரிப் பதிவு ஒன்றையும் குழுவைக் கேட்காமலே 'லைவ் அட் லாஸ்ட்' என்று நெம்ஸ் வெளியிட்டது. அது ஆல்பம் வரிசையில் 5 வரை போனது. எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: பாட்டைப் பத்து முறை கேட்டுவிட்டேன். 'பாரனாய்ட்' என்ற சொல் காதில் விழவில்லை. வேறு பதிப்பு இருக்கிறதா? (வாசகி, கோவை)

பதில்: காதில் கோளாறு இல்லை. பாட்டில் அந்தச் சொல்லே கிடையாது.

கேள்வி: பழைய இசைத்தட்டு விற்பவர் ஒருவர் '1970 ஒரிஜினல் பாரனாய்ட் சிங்கிள்' என்று நாலாயிரம் ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: பணத்தை எடுக்கும் முன் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பிரிட்டனில் வந்த முதல் பதிப்பு என்றால் வெர்டிகோ என்ற பெயரும் 6059 010 என்ற எண்ணும் இருக்கவேண்டும். நெம்ஸ் என்று இருந்தால் அது பின்னால் வந்தது. நாலாயிரத்தில் ஒரு சைபரை அடித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.