ஸ்கிப் பின் எங்கே நிற்கப் போகிறது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (வென்ட்வொர்த்வில், சிட்னி): பழைய குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். இடிபாடுகளைப் போட 4 கன மீட்டர் ஸ்கிப் பின் (லாரியில் கொண்டுவந்து இறக்கும் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி) ஒன்றை இணையத்தில் பதிவு செய்துவிட்டேன். டிரைவ்வேயில் தினமும் கார் எடுக்க வேண்டும் என்பதால், வீட்டு முன்னால் உள்ள புல்தரையில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். கவுன்சில் பெர்மிட் இல்லாமல் வைத்தால் அபராதம் விழும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அந்தப் புல்லை வெட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் நாங்கள்தான். எங்கள் இடத்துக்கு எதற்கு பெர்மிட்?

பதில்: எதிர்வீட்டுக்காரர் சொல்வது சரி. உங்கள் வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் புல்தரையைத்தான் நேச்சர் ஸ்ட்ரிப் என்கிறோம். பராமரிப்பது நீங்கள், ஆனால் நிலம் பொது நிலம். நியூ சவுத் வேல்ஸில் 1993ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 68ஆம் பிரிவு, பொது இடத்தில் கழிவுத் தொட்டி வைக்கக் கவுன்சில் அனுமதி வேண்டும் என்கிறது. அதே ஆண்டு வந்த சாலைகள் சட்டத்தின் 138ஆம் பிரிவும் ரோட்டில் பொருள் வைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தின் கணக்கில் நடைபாதையும் நேச்சர் ஸ்ட்ரிப்பும் ரோட்டில் சேர்ந்தவைதான்.

பலரும் தவறுவது இன்னோர் இடத்தில். டிரைவ்வே முழுவதும் நம்முடையது என்று நினைத்துவிடுகிறோம். வாசலில் நின்று பாருங்கள். கராஜிலிருந்து வரும் கான்கிரீட் உங்கள் வேலிக் கோட்டைத் தாண்டி, நடைபாதையைக் கடந்து, ரோட்டோரக் கல் வரை ஒரே பாதையாக ஓடும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் வேலிக் கோட்டுக்கு வெளியே இருக்கும் துண்டு கவுன்சில் நிலம். பின் முழுவதும் கோட்டுக்கு உள்ளே நின்றால் பொதுவாக பெர்மிட் வேண்டாம். ஒரு முனை மட்டும் வெளியே நீட்டி நடைபாதையை அடைத்தாலும் பிரச்சினைதான். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே, அதை யோசித்துப் பார்த்தால் இந்த விதியின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: முடிந்தால் ஒரு வாரத்துக்குக் காரை ரோட்டில் நிறுத்திவிட்டு, பின்னை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். செலவும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். லாரி இறக்கும்போது பின்னுக்கு அடியில் பலகை போடச் சொல்லுங்கள். இரும்புத் தொட்டியின் விளிம்பு வெறும் கான்கிரீட்டில் உராய்ந்தால் கோடு விழும், நிறைந்த பின்னின் எடையில் விரிசலும் விடலாம். இறக்குவதற்கு முன்பே டிரைவ்வேயைப் போனில் படம் எடுத்து வையுங்கள். லாரி பின்னோக்கி வந்து, சங்கிலியில் தொங்கும் தொட்டியை மெதுவாக இறக்கும். அதற்கு மேலே இடம் வேண்டும். மரக்கிளையோ மின்கம்பியோ தாழ்வாக இருந்தால் முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே வைக்க வழியே இல்லை என்றால், ஸ்கிப் பின் வருவதற்குக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே கவுன்சிலில் கேளுங்கள். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். சிலர் நாள் கணக்கு, சிலர் வாரக் கணக்கு. உங்கள் தெருவின் பக்கத்துத் தெரு வேறு கவுன்சிலாக இருந்தால் அங்கே விதியும் வேறாக இருக்கும், நண்பர் வீட்டு அனுபவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரிய மெயின் ரோட்டில் இருப்பவர்களுக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் தேவைப்படலாம். சந்திப்புக்குப் பக்கத்திலும், பஸ் நிறுத்தத்திலும், நிறுத்தத் தடை உள்ள இடத்திலும் பெர்மிட் கேட்டாலும் கிடைக்காது. உங்களிடம் இருக்கும் ரெசிடென்ட் பார்க்கிங் பெர்மிட் காருக்கு மட்டும்தான், பின்னுக்குச் செல்லாது.

கேள்வி (கிளென் வேவர்லி, மெல்பர்ன்): இணையத்தில் ஒரு விலையைப் பார்த்துப் பணம் கட்டினேன். மறுநாள் நிறுவனத்திலிருந்து கூப்பிட்டு, "ரோட்டில் வைப்பதானால் பெர்மிட்டுக்குத் தனியாகக் கட்டுங்கள்" என்றார்கள். பெர்மிட் எடுப்பது யார் பொறுப்பு? இப்படித் தனியாக வாங்கலாமா?

பதில்: முதலில் பொறுப்பு. சில கவுன்சில்களில் பின் நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும், வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் எடுத்துக்கொள்வதில்லை. சில கவுன்சில்களில் வீட்டுக்காரரே எடுக்கலாம், ஆனால் நிறுவனத்தின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றை இணைக்கச் சொல்வார்கள். 10 மில்லியன், 20 மில்லியன் டாலர் காப்பீடு கேட்பது சாதாரணம். இரவில் ரோட்டோரம் நிற்கும் தொட்டியில் யாராவது மோதிவிட்டால் என்ன ஆகும் என்ற கவலைதான் அதற்குக் காரணம். தொட்டியின் மூலைகளில் பிரதிபலிக்கும் பட்டை இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரும் எண்ணும் தெரிய வேண்டும் என்பதும் அதனால்தான். விக்டோரியாவில் இந்த விதிகள் அந்தந்தக் கவுன்சிலின் உள்ளூர்ச் சட்டத்தில் இருக்கும். அதனால் கவுன்சிலில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பெர்மிட் எவ்வளவு?" இல்லை, "பெர்மிட்டை யார் எடுக்க வேண்டும்?" என்பதுதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவம் காரணம். எங்கள் சமையலறையை மாற்றிய வருடம், நிறுவனத்திடம் போனில் பெர்மிட் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிவிட்டேன். இரண்டாம் நாள் காலை பாதி நிறைந்த தொட்டியின் பக்கவாட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, மழையில் நனைந்து ஓரம் சுருண்டிருந்தது. பெர்மிட்டே எடுக்கவில்லை. கேட்டால், "கொண்டுவந்து இறக்குவதைத்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னோம்" என்றார்கள். பாதித் தொட்டியோடு லாரி போய்விட்டது. மீதிக் குப்பைக்கு இன்னொரு பின், இன்னொரு செலவு. கையில் எழுத்து எதுவும் இல்லாததால் வாதாட வழி இல்லை. அன்றிலிருந்து பெர்மிட் எண்ணை மின்னஞ்சலில் பார்க்காமல் ரோட்டில் ஒரு பின்னை நான் இறக்க விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள். பெர்மிட்டில் உங்கள் முகவரி, தேதிகள், தொட்டியின் அளவு மூன்றும் சரியா என்று பாருங்கள். வேலை இழுத்துக்கொண்டே போய்த் தேதி தாண்டினால், தாண்டுவதற்கு முன்பே நீட்டிக்க வேண்டும்.

அப்புறம் விலை. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, கட்டாயம் கட்டியே ஆக வேண்டிய கட்டணங்களையும் ஜிஎஸ்டியையும் சேர்த்து ஒரே மொத்த விலையாகக் காட்ட வேண்டும். ஆனால் பெர்மிட் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை, பின்னை உள்ளே வைப்பவருக்கு அது தேவையே இல்லை. ஆகவே தனியாகக் கேட்பது மட்டுமே தவறாகாது. நீங்கள் பதிவு செய்தபோது ரோட்டில் வைக்கப் போகிறேன் என்று குறிப்பிட்டிருந்து, அதற்குப் பிறகும் பெர்மிட் பற்றி ஒரு வார்த்தைகூடக் காட்டாமல் பணத்தை வாங்கியிருந்தால், அது வேறு விஷயம். அந்தப் பக்கத்தின் படத்தோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். கூடுதல் தொகை கட்ட விருப்பம் இல்லை, பதிவை ரத்து செய்து பணத்தைத் திருப்புங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் விக்டோரியாவில் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவிடம் போகலாம். நியூ சவுத் வேல்ஸ்காரர்களுக்கு ஃபேர் டிரேடிங், எண் 13 32 20.

கேள்வி (பாரமட்டா, சிட்னி): நாங்கள் யூனிட்டில் இருக்கிறோம். கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சின்ன பின் வைக்கலாமா?

பதில்: அது பொதுச் சொத்து என்றால், கட்டடத்தின் பொது நிர்வாகத்தைக் கவனிக்கும் ஸ்ட்ராட்டா மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கவுன்சில் பெர்மிட் அங்கே தேவைப்படாது. ஆனால் நிலத்தடி பார்க்கிங்குக்குள் ஸ்கிப் லாரி நுழைவது பெரும்பாலும் நடக்காது, கூரையின் உயரத்தை அளந்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி (டாண்டினாங், மெல்பர்ன்): எந்த அளவு பின் எடுப்பது என்று புரியவில்லை. பின்பக்கம் 1970களில் போட்ட பழைய ஃபைப்ரோ (சிமென்ட் தகடு) ஷெட் ஒன்று இருக்கிறது. அதையும் இடித்து அதிலேயே போட்டுவிடலாமா?

பதில்: ஷெட்டைத் தொடாதீர்கள். அந்தக் கால ஃபைப்ரோ தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2003 டிசம்பர் 31 அன்றுதான். 1990க்கு முன்னால் கட்டிய வீடுகளில் கூரை, சுவர், குளியலறைத் தகடு, தரை விரிப்பின் அடிப்பகுதி என்று எங்கும் அது இருக்கலாம். சாதாரண ஸ்கிப் பின்னில் அதைப் போடக் கூடாது. ஒரு துண்டு கலந்தாலும் மொத்தத் தொட்டியும் ஆஸ்பெஸ்டாஸ் கழிவாகிவிடும், குப்பைக் கிடங்கில் திருப்பி அனுப்புவார்கள், அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில் வரும். பணத்தை விடுங்கள், சுத்தியலால் தட்டும்போது பறக்கும் தூள்தான் பயங்கரம். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்து நோயாக வரும். முதலில் ஒரு மாதிரியை, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் நாட்டா அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். இருப்பது உறுதியானால் உரிமம் பெற்றவரை வைத்து எடுங்கள். கெட்டியாக ஒட்டிய வகையில் 10 சதுர மீட்டர் வரை உரிமம் இல்லாதவரும் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஒரு ஷெட்டின் சுவர்கள் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். குழந்தைகள் விளையாடும் பின்பக்கத்தில் நீங்களே அதை முயற்சி செய்ய வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

மற்றக் குப்பைக்கு அளவு இப்படி: மஞ்சள் மூடி போட்ட 240 லிட்டர் சக்கரத் தொட்டி இருக்கிறதே, அது நாலு சேர்ந்தால் ஏறக்குறைய 1 கன மீட்டர். 3 கன மீட்டர் பின் என்றால் அப்படிப் பன்னிரண்டு தொட்டி. ஆனால் இடம் மட்டும் கணக்கில்லை, எடையும் உண்டு. மண் 1 கன மீட்டர் கிட்டத்தட்ட ஒன்றரை டன் வரும். அதனால்தான் மண், செங்கல், கான்கிரீட்டுக்குத் தனிப் பின், தனி விலை. பெரிய பின்னில் செங்கலை நிரப்பினால் லாரியால் தூக்கவே முடியாது. விளிம்புக்கு மேல் குவிக்கவும் கூடாது. பெயிண்ட், கேஸ் சிலிண்டர், பேட்டரி போகாது. மெத்தைக்கும் டயருக்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள், பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ரோட்டில் நிற்கும் பின்னில் இரவோடு இரவாக யாராவது பழைய சோபாவைப் போட்டுவிட்டுப் போவதும் நடக்கும், அதுவும் உங்கள் கணக்குதான். மாலையில் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களிடம் இருப்பது பழைய மேசை, கட்டில், அலமாரி மட்டும் என்றால் பெரிய பழைய பொருட்களை வாசலில் வந்து எடுத்துப்போகும் கவுன்சிலின் ஹார்ட் ரப்பிஷ் சேவை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கவுன்சில் வரியான ரேட்ஸில் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள். பதிவு செய்து, சொன்ன நாளுக்குத்தான் வெளியே வைக்க வேண்டும். இடித்த கட்டடக் கழிவை அதில் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி (டூங்காபி, சிட்னி): என் அப்பா தனியாக இருக்கிறார், ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறார். தோட்டத்துக் குப்பைக்கு ஒரு ஸ்கிப் பின் வேண்டுமாம். கவுன்சிலில் அவர் எப்படிக் கேட்பது?

பதில்: 131 450க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அது அரசின் மொழிபெயர்ப்புச் சேவை, எந்நேரமும் இருக்கும். எடுப்பவரிடம் "டமில்" என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், தமிழ் பேசுபவரை இணைப்பார்கள். பிறகு கவுன்சிலின் பெயரையும் எண்ணையும் சொன்னால், மூவரும் ஒரே அழைப்பில் பேசலாம். மூன்று கேள்விகளைத் தாளில் தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: வீட்டு முன்னால் வைக்க பெர்மிட் வேண்டுமா, அதை நான் எடுக்க வேண்டுமா நிறுவனம் எடுக்க வேண்டுமா, எத்தனை நாளுக்கு எவ்வளவு. பதில் சொல்பவரின் பெயரையும் தேதியையும் அதே தாளில் குறித்துவைத்தால், நிறுவனத்திடம் பேசும்போது அப்பாவின் கையில் அது இருக்கும்.