வயதில் மூத்த, வேறு சமயத்தவரை ஒரு கிறிஸ்தவப் பெண் ஆசீர்வதிக்கலாமா?

கேள்வி கேட்டிருக்கும் சகோதரி கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில், படுக்கையில் இருக்கும் ஆச்சியைப் பார்த்துக்கொள்கிறார். ஆச்சி சைவர், இவர் கிறிஸ்தவர். ஆச்சியை ஆசீர்வதித்துச் செபிக்க ஆசை. ஆனால் வயதிலும் நிலையிலும் சிறியவள், குருவானவரும் இல்லை, செய்யலாமா என்கிறார். எப்போதும் சுடுசொல் பேசும் மருமகளையும் ஆசீர்வதிக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, செவிலியராக இந்த வட்டாரத்து வீடுகளுக்குப் போய்வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் தயக்கம் புரிகிறது. நம் ஊரில் ஆசி மேலிருந்து கீழேதான் வரும். நகரத்தார் வீடுகளில் பிள்ளைகள் விழுந்து கும்பிட, பெரியவர்கள் திருநீறு பூசி வாழ்த்துவார்கள். எங்கள் வீட்டில் இரவுச் செபமாலை முடிந்ததும் நாங்கள் வரிசையாகப் போய் 'ஸ்தோத்திரம்' சொல்லி நிற்க, தாத்தாவும் பாட்டியும் நெற்றியில் சிலுவை வரைவார்கள். பெரியவரே சிறியவருக்கு ஆசி வழங்குவார் என்று விவிலியத்தில் எபிரேயர் திருமுகத்தின் 7ஆம் அதிகாரமும் சொல்கிறது. ஆனால் அது மெல்கிசெதேக்கு என்ற குரு ஆபிரகாமுக்கு ஆசி அளித்ததை விளக்கும் இடம்; சிறியவர் ஆசி கூறக் கூடாது என்ற சட்டம் அல்ல.

தொடக்கநூல் 47ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பஞ்சம் பிழைக்க எகிப்துக்கு வந்து நிற்கிறார் யாக்கோபு. வயது 130. சாப்பாட்டுக்குப் பார்வோனின் களஞ்சியத்தை நம்பியிருக்கிறது அவர் குடும்பம். அப்படிப்பட்டவர் அரசன் முன்னால் போய் நின்றதும் அவனுக்கு ஆசி வழங்குகிறார். விடைபெறும்போது மறுபடியும் வழங்குகிறார். பார்வோன் யாக்கோபின் கடவுளை வணங்குபவனும் அல்ல. ரூத்து நூலின் 2ஆம் அதிகாரத்தில், வயலுக்கு வரும் போவாசு அறுவடை ஆட்களை வாழ்த்துகிறார். அவர்களும் "ஆண்டவர் உமக்கு ஆசி வழங்குவாராக" என்று நிலத்துக்காரருக்கே பதில் வாழ்த்துச் சொல்கிறார்கள். கூலி வாங்குபவர் வாயிலிருந்து வந்த ஆசி அது. தேக்குத் தூண்களும் வளவும் முகப்புமாக இருக்கும் வீட்டில் நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது இதற்குத் தடையே இல்லை.

குருவானவர்தான் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கை நூலின் 6ஆம் அதிகாரத்தில் உள்ள ஆசியுரையை, குருக்களான ஆரோனும் அவர் புதல்வரும் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது: "ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக!" ஆனால் அந்தப் பகுதி முடியும் வசனத்தைக் கவனியுங்கள். அவர்கள் என் பெயரைச் சொல்வார்கள், ஆசி வழங்குபவர் நானே என்கிறார் கடவுள். குருவே ஆனாலும் கொடுப்பவர் அவர் இல்லை, கேட்பவர்தான். 1979இல் எருசலேமில், கெத்தேப் இன்னோம் என்ற இடத்தில் ஒரு பழைய கல்லறையிலிருந்து சுருட்டிய சிறு வெள்ளித் தகடுகள் இரண்டு கிடைத்தன. சுமார் 2,600 ஆண்டுப் பழமை. பொறுமையாகப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இதே ஆசியுரையின் வரிகள்! தாயத்தாக யாரோ அணிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அன்றைக்கே அந்த வார்த்தைகள் சாதாரண மனிதர்களின் உடம்போடு ஒட்டிக் கிடந்தன என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 1669) திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் ஆசி வழங்க அழைக்கப்பட்டவர் என்கிறது. திருச்சபை வாழ்வோடும், திருமுழுக்கு போன்ற அருளடையாளங்களோடும் ஒரு ஆசி எவ்வளவு நெருங்கியதோ, அவ்வளவுக்கு அது குருக்களுக்கு உரியதாகிறது.

ஆனால் ஆச்சியிடம் முதலில் அனுமதி கேளுங்கள். இதில் நான் கண்டிப்பானவள். எழுந்து நடமாட முடியாத ஒருவர் தண்ணீருக்கும் மருந்துக்கும் உங்களை நம்பி இருக்கிறார். அவரால் உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்வது கடினம். அந்த நிலையைப் பயன்படுத்தி மதத்தைத் திணிப்பது ஆசி ஆகாது. திருநீறு இருக்கும் நெற்றியில் நீங்களாகச் சிலுவை வரையாதீர்கள். "ஆச்சி, உங்களுக்காக எங்கள் சாமியிடம் வேண்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் போதும். நான் கேட்டவர்களில் மறுத்தவர்கள் அபூர்வம். காலில் ஆறாத புண்ணோடு இருந்த ஒரு ஆச்சி, "என் காலைப் பற்றி மட்டும் சொல்லாதே, மலேசியாவில் இருக்கும் என் மகனைப் பற்றியும் சொல்" என்றார். மகனின் பெயரையும் சொல்லிக்கொடுத்தார். அவர் எனக்கு 'நன்றாக இரு' என்று சொன்னபோது கைகூப்பி வாங்கிக்கொண்டேன். புனித அருளானந்தர் 1693இல் உயிர்விட்ட ஓரியூருக்குப் போனால், அங்கே செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துச் செல்பவர்களில் எல்லாச் சமயத்தாரையும் பார்க்கலாம். இந்தச் சீமைக்கு இது புதிதல்ல.

மருமகள் விஷயம்தான் கடினம். "உங்களைத் துன்புறுத்துவோருக்கு ஆசி கூறுங்கள்" என்று பவுல் உரோமையருக்கு எழுதியதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. ஒரு வீட்டில் வெள்ளிக் கிண்ணம் காணவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அப்படிச் செய்த அம்மாவின் பெயரைச் செபத்தில் சொல்லவே நாக்கு எழவில்லை. 'அவரைத் திருத்தும்' என்று வேண்டுவது எளிதாக இருந்தது. அது ஆசியல்ல, புகார். அதனால் என் மகளுக்கு நான் கேட்பவற்றையே அவருக்கும் கேட்டேன்: உடல்நலம், நிம்மதியான தூக்கம், பிள்ளைகளின் படிப்பு. அவர் மாறினாரா என்றால், என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அடுத்த நோயாளிக்கு ஊசி போடும்போது என் கை நடுங்காமல் இருந்தது.

எனக்குத் தர வேண்டிய பணத்தையும் அந்த வீட்டில் கேட்டு வாங்கினேன். ஆசி கூறச் சொன்ன பவுலே பிலிப்பியில் என்ன செய்தார் என்று பாருங்கள். அவரை அடித்துச் சிறையில் போட்டிருந்தார்கள். நள்ளிரவில் சிறைக் காவலரின் குடும்பத்துக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். விடிந்ததும், விசாரணையே இல்லாமல் எங்களை அடித்த அதிகாரிகள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று உறுதியாக நின்றார். ஆகவே, மருமகளுக்காகப் பெயர் சொல்லி வேண்டுங்கள். பேச்சு எல்லை மீறும்போது, "இப்படிப் பேசாதீர்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் செய்யுங்கள்.