பூட்டை மாற்றலாமா? வீட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: செந்தூலில் எனக்கு ஒரு கொண்டோ வீடு இருக்கிறது. வாடகை மாதம் 1,400 வெள்ளி (ரிங்கிட்). மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. கேட்டால், "டிப்பாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் வாடகைக்காரர். வீட்டைக் காலி செய்யவும் மறுக்கிறார். அவர் வேலைக்குப் போகும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிடலாம், கரண்டை வெட்டிவிடலாம் என்கிறான் என் மகன். செய்யலாமா?
வாசகி, கோலாலம்பூர்

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் பூட்டில் கை வைத்தால், வாடகை தராதவர் உங்கள் மேல் வழக்குப் போடும் நிலை வந்துவிடும். வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டை விடாமல் இருந்தால், நீதிமன்றம் வழியாக மட்டுமே அவரை வெளியேற்றலாம் என்று மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 7(2) பிரிவு சொல்கிறது. தெனாகா மின்சாரக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருந்தாலும் கரண்டை வெட்டாதீர்கள். போலீஸ் வந்து காலி செய்து தருவார்கள் என்றும் நம்ப வேண்டாம். இது சிவில் விவகாரம்.

முதலில் கடிதம். எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்று தனித்தனியாக எழுதி, ஒப்பந்தத்தில் சொன்ன அவகாசம் கொடுங்கள். அதில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் 14 நாள் கொடுக்கலாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, ஒரு பிரதியைக் கதவில் ஒட்டித் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பணம் வரவில்லையென்றால் இரண்டாவது கடிதத்தில் ஒப்பந்தத்தை இன்ன தேதியோடு முடிக்கிறேன் என்று தெளிவாக எழுதுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். அந்தத் தேதி தாண்டி அவர் 500 வெள்ளி போட்டால், அதை வாடகை என்று ரசீது எழுதி வாங்கிவிடுகிறார்கள். ஒப்பந்தம் தொடர்கிறது என்று வாதிட அது ஒன்றே போதும். வாங்கினால், வீட்டை விடாமல் இருப்பதற்கான இழப்பீடு என்று ரசீதில் எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்தும் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 28(4) பிரிவு உரிமை தருகிறது. உங்கள் கணக்கில் அது மாதம் 2,800 வெள்ளி. நீதிமன்ற உத்தரவு கிடைத்த பிறகு வீட்டை மீட்டுத் தருவது உத்தரவுகளை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரியான பெய்லிஃபின் வேலை.

பாக்கிக்காக மட்டும் என்றால் 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி அவருடைய சாமான்களைக் கைப்பற்ற நீதிமன்றத்தில் வாரண்ட் கேட்கலாம். கடைசி 12 மாத வாடகை வரை அதில் அடங்கும். ஆனால் சாமானைக் கைப்பற்றுவது ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்படலாம். அவரை வெளியேற்றுவதுதான் நோக்கம் என்றால் எதை முதலில் செய்வது என்று லோயரிடம் கேட்ட பிறகே இறங்குங்கள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு வழக்கை மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் லோயர் இல்லாமல், 198ஆம் எண் படிவத்தில் நீங்களே போடலாம். உங்கள் 4,200 வெள்ளி பாக்கி அதற்குள் வரும். ஆனால் அங்கே பணம்தான் கேட்க முடியும், வீட்டைத் திரும்பக் கேட்க முடியாது.

டிப்பாசிட்டில் கழிக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாத டிப்பாசிட் வாடகையில் கரைந்துவிட்டால், உடைந்த கதவுக்கும் கழிவறைக்கும் உங்கள் கையிலிருந்துதான் போடவேண்டும்.

கேள்வி: வாடகைக்காரர் காலி செய்துவிட்டார். சமையலறை சிங்க் அடைத்துக் கிடக்கிறது. சுவரெல்லாம் எண்ணெயும் சாமி மேடைப் புகையும். "நாலு வருஷம் இருந்த வீடு, சாதாரணத் தேய்மானம்" என்று டிப்பாசிட்டை முழுசாகக் கேட்கிறார். எவ்வளவு பிடிக்கலாம்?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: துடைப்பத்தை எடுக்கும் முன் போனை எடுங்கள். வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாக வீடியோ, பிறகு ஒவ்வொரு சேதத்துக்கும் ஒரு தூரப் படம், ஒரு கிட்டப் படம். சுத்தம் செய்த பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. சாவி கொடுத்த நாளில் எடுத்த படங்களும் இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. இல்லையென்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள்.

நாலு வருஷத்தில் மங்கிய பெயிண்ட், சாமி படம் மாட்டிய ஆணித் துளை, தளர்ந்த கைப்பிடி எல்லாம் தேய்மானம். வெடித்த பேசின், கதவில் ஓட்டை, கொழுப்பு அடைத்த குழாய் எல்லாம் சேதம். சிங்க்குக்குக் கீழே வாளி வைத்து, வளைந்த குழாயைக் கையால் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மெழுகுபோல் வெள்ளையாக இறுகியிருந்தால் அது கறி எண்ணெய். பிளம்பர் பில்லில் 'அடைப்பு நீக்கம்' என்று மட்டும் எழுதாமல் 'எண்ணெய்க் கொழுப்பு அடைப்பு' என்று எழுதச் சொல்லுங்கள். அடைப்பு நீக்கும் பவுடர் போட்ட குழாயை உடனே கழற்றாதீர்கள். அந்தக் காரத் தண்ணீர் தோலை வேகவைத்துவிடும்.

சுவரை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். எண்ணெய் மேலேயே அடித்த பெயிண்ட் சில மாதத்தில் தோலாக உரியும். சாம்பிராணிப் புகைக்கறைக்குச் சாதாரண சீலர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) போதாது, தின்னரில் கரையும் சீலர் வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை கோட் அடித்தாலும் மஞ்சள் மேலே ஊறி வரும். 10 அடிக்கு 12 அடி, 9 அடி உயரமுள்ள அறையில் கதவு ஜன்னல் போகச் சுமார் 350 சதுர அடிச் சுவர் இருக்கும். ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டருக்கு வரும் என்பதால், இரண்டு கோட்டுக்கு ஆறரை லிட்டர் போதும். ஓர் அறைக்கு 18 லிட்டர் டின் எழுதியிருக்கும் கொட்டேஷனை ஏற்காதீர்கள்.

பெயிண்டின் முழுச் செலவையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நாலு வருஷமான பெயிண்ட்டை எப்படியும் நீங்கள் அடித்துத்தான் இருப்பீர்கள். கறைக்கான சீலர், கழுவும் கூலி, குழாய், உடைந்த பொருள் ஆகியவற்றுக்குப் பில்லோடு பிடித்துக்கொண்டு, மீதியை ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் கணக்கு எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறதாம். வாடகைக்காரர் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறார். பொறுப்பு யாருக்கு?
வாசகர், பினாங்கு

பதில்: உரிமையாளர் என்ற முறையில் நீங்கள்தான் முன்னால் நிற்கவேண்டும். 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாக விதிமுறைகளின்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் சோதித்து, அதன்பின் 5 நாளுக்குள் சான்றிதழ் தரவேண்டும். காரணம் உங்கள் வீடு என்றால் 7 நாளுக்குள் சரிசெய்யும் வேலையை நீங்கள் எடுக்கவேண்டும். முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து வரும் சோதனையை வாடகைக்காரர் தடுக்க முடியாது. இதைக் கடிதமாகவே அவருக்கு எழுதிவிடுங்கள்.

டைல்ஸை உடைக்கும் முன் ஒரு சோதனை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் ஓட்டை. சுற்றாமல், குளித்த பிறகு மட்டும் கீழே சொட்டினால் தரையின் நீர்க்காப்பு போயிருக்கிறது, அல்லது தரைத் துவாரத்தின் ஓரம் விட்டிருக்கிறது. நீர்க்காப்பு புதிதாக அடித்தால் இரண்டு கோட், ஒன்றுக்குக் குறுக்கே மற்றொன்று, சுவரில் ஓரடியாவது ஏற்றி. காய்ந்ததும் துவாரத்தை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வையுங்கள். கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அவர் கூரையைக் காட்டச் சொல்லிவிட்டு, அதன்பின் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி எவ்வளவு?
வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: 2025 ஜனவரி 1 முதல் ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு இல்லை. ஓராண்டு வரையுள்ள ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. மாத வாடகை 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 72 வெள்ளி, இரண்டாண்டுக்கு 216. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டவேண்டும். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. சேதத்துக்கோ பாக்கிக்கோ வழக்குப் போடும் நாளில் போய்த் தேடினால் அபராதமும் சேர்த்துத்தான் கட்டவேண்டி வரும்.