வெயில் இருக்கே, விளக்கு எதற்கு?

கேள்வி: மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு, அனலாய்க் கொதிக்கும். நாங்கள் வளர்க்கும் பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகைப் பிராணியின் கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் போதாதா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போதாதுங்க. சூடு வேறு, வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேறு. அந்தக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது, தாடை மெத்தென்று ஆகி கால் நடுங்க ஆரம்பித்துவிடும், பாவம். நேர் வெயில் பட்டால் தொட்டிக்குள்ளேயே வெந்தும் போகும். யூவிபி டியூப் பகலில் 12 மணி நேரம் எரியட்டும். ஒரு மூலையில் சூட்டு விளக்கடியில் கல் வைத்து 40 டிகிரி, எதிர் மூலையில் 28 டிகிரி இருக்கணும். மே மாதம் நம் வடசென்னையில் அந்தக் குளிர்ந்த மூலைதான் பெரும்பாடு. அங்கேயும் வாயைத் திறந்தபடியே கிடந்தால் சூட்டு விளக்கை உடனே அணையுங்கள். அப்புறம், ராத்திரி எந்த விளக்கும் வேண்டாம்.