ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மெசேஜ் போகவில்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டில் ஒருவரிடம் ஐபோன், இன்னொருவரிடம் ஆண்ட்ராய்டு, நடுவில் மெசேஜ் காணாமல் போகிறது. செட்டிங்ஸில் கைவைப்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் மெசேஜ் எந்த வழியில் போகிறது? ஐபோனில் டைப் செய்யும் பெட்டிக்குள் மங்கலாக 'ஐமெசேஜ்', 'எஸ்எம்எஸ்', 'ஆர்சிஎஸ்' இவற்றில் ஒன்று தெரியும். ஐமெசேஜ் ஆப்பிள் கருவிகளுக்குள் மட்டும் இன்டர்நெட்டில் போவது. ஆர்சிஎஸ் என்பது எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்து வந்த, இன்டர்நெட்டில் போகும் முறை. ஆண்ட்ராய்டின் கூகுள் மெசேஜஸிலும் அதே இடத்தில் எஸ்எம்எஸ்ஸா ஆர்சிஎஸ்ஸா என்று தெரியும். அதைப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

கேள்வி: நாலு வருடம் ஐபோன் வைத்திருந்தேன். போன மாதம் சாம்சங்குக்கு மாறினேன். எல்லோருடைய மெசேஜும் வருகிறது, என் அக்கா அனுப்புவது மட்டும் வருவதில்லை. அவர் ஐபோன்தான் வைத்திருக்கிறார். அனுப்பியாகிவிட்டது என்றே அவருக்குக் காட்டுகிறதாம். (திருநெல்வேலி)

உங்கள் நம்பர் இன்னும் ஆப்பிளின் ஐமெசேஜ் கணக்கிலேயே இருக்கிறது. அக்காவின் போன் உங்கள் நம்பரைப் பார்த்ததும் 'இது ஐபோன்காரர்' என்று நினைத்து, மெசேஜை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பாமல் இன்டர்நெட் வழியாக ஆப்பிளுக்கு அனுப்புகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்ள உங்களிடம் ஐபோன் இல்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களின் மெசேஜ் எஸ்எம்எஸ்ஸாகவே வருவதால் அது ஒழுங்காக வந்து சேர்கிறது.

பழைய ஐபோன் கையில் இருந்தால், சிம்மை அதில் திரும்பப் போட்டு, செட்டிங்ஸில் மெசேஜஸுக்குப் போய் ஐமெசேஜை அணையுங்கள். ஃபேஸ்டைமையும் அணைத்துவிடுங்கள். விற்றுவிட்டீர்கள் என்றாலும் கவலையில்லை. 2014 முதலே ஆப்பிள் இதற்கென ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. 'டீரிஜிஸ்டர் ஐமெசேஜ்' என்று தேடினால் கிடைக்கும். முகவரி ஆப்பிளுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக் குறியீடாக இந்தியாவைத் தேர்ந்தெடுத்து நம்பரைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்க எண் வரும், அதைப் பதிந்தால் வேலை முடிந்தது.

அதன் பிறகும் அக்காவின் மெசேஜ் வராவிட்டால், உங்களோடு நடந்த பழைய உரையாடலை அவர் போனில் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். ஐபோன்காரர்கள் மட்டும் இருந்த பழைய குடும்பக் குரூப்பில் நீங்கள் இருந்திருந்தால் அதையும் புதிதாக ஆரம்பிப்பதே நல்லது. பழைய குரூப் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். பழைய போனை ஒப்படைக்கும் முன் கூகுள் மெசேஜஸ் செட்டிங்ஸில் ஆர்சிஎஸ் சாட்ஸை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: புது ஐபோன் வாங்கி, சிம்மை இ-சிம்மாக மாற்றினேன். கால் வருகிறது, நெட் வேலை செய்கிறது. பேங்க் ஓடிபி மட்டும் வரவில்லை. போன் கோளாறா? (கோயம்புத்தூர்)

போன்மேல் பழி போடாதீர்கள். சிம்மை மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவும் போகவும் முடியாது. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையே வைத்திருக்கும் விதி இது. உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கி, அதே வேகத்தில் ஓடிபியையும் வாங்கிப் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு இந்த விதி முழுக்கப் பிடிக்கும். ஆனால் சிம் மாற்றும்போது கடைக்காரர்கள் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாளன்று சிம் மாற்றிவிட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

24 மணி நேரம் தாண்டியும் வரவில்லை என்றால், ஐபோனின் மெசேஜஸில் மேலே இருக்கும் ஃபில்டரைத் திறந்து, தெரியாதவர்கள், டிரான்சாக்‌ஷன்ஸ், ஜங்க் ஆகிய பகுதிகளைப் பாருங்கள். வங்கியின் பெயர் உங்கள் கான்டாக்ட்டில் இல்லாததால் ஓடிபி அங்கே ஒதுங்கியிருக்கலாம். ஆண்ட்ராய்டில் 'ஸ்பேம் அண்ட் பிளாக்ட்' என்ற பகுதியைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 35 பேர். சிலரிடம் நெட் இல்லாததால் தகவலைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புவேன். ஒரே ஒரு தகவல்தான் அனுப்பினேன், ஒரு நாளைக்கு உள்ள 100 எஸ்எம்எஸ்ஸும் தீர்ந்துவிட்டது என்கிறது. சிலருக்குத் துண்டு துண்டாகவும் போயிருக்கிறது. (தர்மபுரி)

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழ் என்றால் 70தான். அதற்கு மேல் நீண்டால் போன் அதைத் துண்டுகளாக்கும், ஒவ்வொரு துண்டிலும் 67தான் கொள்ளும். துண்டுகளைச் சேர்க்கும் குறிப்புக்கு மீதி இடம் போய்விடுகிறது.

அந்த 70ஐயும் நாம் எண்ணுகிற மாதிரி போன் எண்ணாது. 'நாளை காலை வருகிறேன்' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு 9 எழுத்து, இரண்டு இடைவெளி. போனுக்கு 19! நா என்றால் ந ஒன்று, கால் ஒன்று. ன் என்றால் ன ஒன்று, புள்ளி ஒன்று. உயிர்மெய்யும் மெய்யும் அநேகமாக இரண்டாகிவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். உங்கள் தகவல் 150 அளவுக்கு இருந்தால் மூன்று துண்டு. 35 பேருக்கு 105. நூறு தாண்டிவிட்டது. எல்லாத் துண்டும் வந்து சேராத போனில் அது பாதியாகத் தெரியும்.

நாள், நேரம், இடம் மட்டும் வைத்து 70க்குள் அடக்கப் பாருங்கள். நெட் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் கடைசியில் ஒரு கும்பிடு எமோஜி சேர்த்தால் அந்த 160 அப்படியே 70 ஆகிவிடும், இதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் ஐபோனில் பேரனின் வீடியோ அனுப்பினால் என் ஆண்ட்ராய்டில் தபால்தலை அளவுக்கு, மங்கலாக வருகிறது. (மதுரை)

அது எம்எம்எஸ்ஸாக வருகிறது. பழைய முறை, அளவுக் கட்டுப்பாடு அதிகம், அதனால் ஐபோனே வீடியோவைப் பிழிந்து அனுப்புகிறது. வாட்ஸ்அப்பில் எச்டி தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டாக்குமென்டாக அனுப்பினால் தரம் கொஞ்சமும் குறையாது, 2 ஜிபி வரை போகும்.

கேள்வி: ஐமெசேஜை ஆன் செய்தால் 'ஆக்டிவேஷனுக்குக் காத்திருக்கிறது' என்றே நிற்கிறது. (சேலம்)

ஆன் செய்ததும் ஐபோன் உங்களுக்குத் தெரியாமல் வெளிநாட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். பேக்கில் உள்ள இலவச எஸ்எம்எஸ் அதற்கு உதவாது. மெயின் பேலன்ஸில் கொஞ்சம் பணம் போட்டு, அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள்.

கேள்வி: 'உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரியைச் சரிசெய்யவும்' என்று தபால் துறை பெயரில் என் ஐபோனுக்கு லிங்க் வருகிறது. கணவரின் ஆண்ட்ராய்டுக்கு வருவதில்லை. ஏன் எனக்கு மட்டும்? (சென்னை)

அது ஐமெசேஜ் வழியாக வருகிறது, அதனால்தான். அனுப்பியவர் இடத்தில் ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியோ வெளிநாட்டு நம்பரோ இருக்கும், பாருங்கள். நம் நாட்டில் நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இன்டர்நெட்டில் போகும் ஐமெசேஜ் அந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை. மோசடிக்காரர்களுக்கு அது வசதி. ஆண்ட்ராய்டில் ஆர்சிஎஸ் வழியாகவும் இப்படி வரலாம், கணவரையும் எச்சரித்து வையுங்கள்.

நிறுவனங்கள் அனுப்பும் உண்மையான எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநரின் இடத்தில் பத்து இலக்க எண் இருக்காது, ஒரு சுருக்கப் பெயர் இருக்கும். 2025 முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வருகின்றன: விளம்பரத்துக்குப் பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. அந்த லிங்க்கைத் தொடாமல், மெசேஜுக்குக் கீழே வரும் 'ரிப்போர்ட் ஜங்க்' என்பதை அழுத்துங்கள். ஏற்கெனவே கார்டு விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை நிறுத்துங்கள், அப்புறம் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.