மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும் கூட்டத்தில் ஏன் சுடுகிறார்கள்?

தலைவர்களை அழைத்துக் கூட்டம் நடத்தும் ஒரு சிறிய அமைப்பில் தொண்டராக இருக்கும் வாசகர் கேட்கிறார்: "இத்தனை பேர் பார்க்க, போலீஸ் சூழ்ந்து நிற்க, தப்பிக்க வழியே இல்லை என்று தெரிந்தும் அரசியல் கொலையாளி ஏன் பொது இடத்துக்கு வருகிறான்? அது புரிந்தால் நாங்கள் எங்கே கவனம் வைப்பது என்று தெரியும்."

வேறு எங்கேயும் ஆள் கையில் கிடைப்பதில்லை, முதல் காரணம் அதுதான். தலைவரின் வீட்டுக்கு வெளியாள் போக முடியாது, எந்த நேரம் எந்த வழியாகப் போவார் என்பதும் தெரியாது. ஆனால் கூட்டம் என்று வந்துவிட்டால் நாள், நேரம், இடம் மூன்றையும் நாமே போஸ்டர் அடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். 1865-இல் லிங்கன் நாடகம் பார்க்க வருகிறார் என்று அன்றைய பத்திரிகையிலேயே செய்தி வந்தது. காந்தி தினமும் மாலை 5 மணிக்குப் பிரார்த்தனைக்கு வருவார் என்பது டெல்லி முழுக்கத் தெரிந்த விஷயம், வருபவர்களைச் சோதனை போடவும் அவர் சம்மதிக்கவில்லை. அதே இடத்தில் 1948 ஜனவரி 20 அன்று குண்டு வெடித்திருந்தும் பத்து நாள் கழித்து கோட்சே கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நின்றான்.

உள்ளே இருப்பவனுக்குக் கூட்டம் தேவையே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்திரா காந்தியை 1984-இல் சுட்டவர்கள் அவருடைய சொந்தக் காவலர்கள், இடமும் அவர் வீட்டு வளாகம்தான். வெளியாளுக்குத்தான் மேடை வேண்டியிருக்கிறது.

அப்புறம்தான் விளம்பர ஆசை. அதுவும் பொய்யில்லை. 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் சட்டைப் பையில் கடிதம் வைத்திருந்தார். ஏன் செய்தேன் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1960-இல் ஜப்பான் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமாவை 17 வயதுப் பையன் ஒருவன் மேடையிலேயே வாளால் குத்தினான், டிவி கேமரா ஓடிக்கொண்டிருந்தது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற கும்பல் தன் தரப்பிலேயே ஒரு போட்டோகிராபரைக் கூட்டி வந்திருந்தது. குண்டுவெடிப்பில் அவரும் இறந்தார், கேமரா மட்டும் தப்பியது, அந்தப் படங்கள்தான் புலனாய்வுக்கு முதல் பிடியாகக் கிடைத்தன. இப்படிப்பட்டவர்களில் பலருக்குத் தப்பிப்பது முக்கியமே இல்லை. அதனால் 'மாட்டிக்கொள்வான்' என்ற பயத்தை நீங்கள் ஒரு பாதுகாப்பாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஆனாலும் ஆசையை விட வசதிதான் பெரிது என்பேன். ஆர்தர் பிரெமர் என்ற அமெரிக்க இளைஞன் 1972 ஏப்ரலில் அதிபர் நிக்சனைத் தேடிக் கனடாவின் ஒட்டாவா வரைக்கும் போனான், பாதுகாப்பைத் தாண்டி நெருங்க முடியவில்லை. மே மாதம் கை குலுக்க இறங்கி வந்த அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் வாலஸைச் சுட்டுவிட்டான். ஆளையே மாற்றிக்கொண்டான், பாருங்கள். 2022-இல் ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றவனும் முதல் நாள் ஒகயாமாவில் நடந்த கூட்டத்துக்குப் போயிருக்கிறான், அது அரங்கத்துக்குள் நடந்ததால் நெருங்க முடியாமல் திரும்பினான். மறுநாள் நாராவில் ரயில் நிலையத்துக்கு வெளியே தெருவில் பேச்சு, அதுவும் முந்தின நாள்தான் முடிவான நிகழ்ச்சி. அபேயின் முதுகுப் பக்கம் சாலை திறந்தே கிடந்தது, அவன் அந்தப் பக்கமாக நடந்து வந்தான், முதல் குண்டு படவில்லை, மூன்று விநாடிக்குள் அடுத்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தொண்டர்கள் எல்லோரும் மேடையையே பார்த்துக்கொண்டு நிற்பதை முதலில் நிறுத்துங்கள். ஆபத்து பெரும்பாலும் மேடையில் இல்லை, மேடைக்கும் காருக்கும் நடுவில் இருக்கிறது. 1981-இல் வாஷிங்டன் ஹில்டனில் அரங்கத்துக்குள் வந்தவர்களையெல்லாம் சரிபார்த்தார்கள், வெளியே கார் பக்கத்தில் கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்களை யாரும் சோதிக்கவில்லை. அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டவன் அங்கேதான் நின்றான். 1995-இல் இஸ்ரேல் பிரதமர் ராபின் பேரணி முடிந்து காருக்கு நடக்கும்போது விழுந்தார். 2007-இல் பாகிஸ்தானின் பெனசிர் பூட்டோ பேசி முடித்துக் கிளம்பி, கார் கூரை வழியாக எழுந்து கையசைக்கும்போது. கூட்டம் முடிந்தது என்று எல்லோரும் கொஞ்சம் தளரும் நேரம் அது.

ஆகவே கூட்டம் தொடங்கும் நேரத்தை அறிவியுங்கள், தலைவர் எந்த வாசலில் எத்தனை மணிக்கு இறங்குவார், எப்போது கிளம்புவார் என்பதை அறிவிக்க வேண்டியதில்லை. மாலை, சால்வை போடுபவர்கள் பட்டியல் முன்பே தயாராக இருக்கட்டும், பட்டியலில் இல்லாதவர் யாராக இருந்தாலும் மாலையை ஒரு தொண்டரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். இதில் தலைவரே "பரவாயில்லை, விடுங்கள்" என்று சொல்லுவார், அதுதான் பெரிய தலைவலி. முன்கூட்டியே அவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். கடைசி நேரத்தில் இடம் மாறினால் பழைய ஏற்பாட்டை அப்படியே தூக்கி வைக்காமல், முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்பதிலிருந்து புதிதாகப் பாருங்கள்.

இன்னொன்று. அதிபருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் 1949-க்குப் பிந்தைய இப்படிப்பட்ட 83 பேரை ஆராய்ந்தபோது, தாக்கப்போகும் ஆளுக்கே நேரடியாக மிரட்டல் அனுப்பியவர்கள் மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆனால் பலர் நண்பரிடமோ வீட்டிலோ டைரியிலோ சொல்லி வைத்திருந்தார்கள். ராஜீவ் கொலைக்கு இரண்டு வாரம் முன்பு வி.பி.சிங் கூட்டத்தில் ஒத்திகையே நடந்திருக்கிறது. அதனால் மிரட்டல் கடிதம் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். முந்தின கூட்டங்களில் தலைவர் இறங்கும் வழி, கிளம்பும் நேரம் பற்றித் துருவித் துருவிக் கேட்ட முகம் திரும்ப வந்தால், நீங்களே போய் மோதாமல், பணியில் இருக்கும் போலீஸ் அதிகாரியிடம் சொல்லுங்கள்.