அகலமான தட்டை முதுகுக் குதிரைக்கு ட்ரீலெஸ் சேணம்: எதைப் பார்த்து வாங்கணும்?

கேள்வி: ஐயா வணக்கம். என்கிட்ட 9 வயசு பெண் குதிரை ஒண்ணு இருக்கு, தோட்டத்தைச் சுத்தி வர, மாடு ஓட்ட, வாரத்துல ஒரு நாள் ரெண்டு மூணு மணி நேரம் தூரமா போயிட்டு வர எல்லாத்துக்கும் இதுதான். முதுகு மேசை மாதிரி தட்டை, தோள் மேடு (கழுத்து முடியிற இடத்துல முதுகு மேல எழும்பி நிக்கிற மேடு) இருக்குறதே தெரியாது. பழைய சேணம் தோள்கிட்ட ரெண்டு பக்கமும் நெருக்கி இப்ப அங்க வெள்ளை முடி வந்துடுச்சு. ட்ரீலெஸ், அதாவது உள்ள விறைப்பான சட்டம் இல்லாத சேணம், வாங்கிப் போடு, எந்த முதுகுக்கும் செட் ஆகும்னு சொல்றாங்க. ஒண்ணு இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அங்கவடியில கால் வச்சு ஏறும்போதே சேணம் என் பக்கம் உருண்டு வந்துடுச்சு, வயித்தைச் சுத்திக் கட்டுற வாரை இன்னும் ரெண்டு ஓட்டை இறுக்கின பிறகுதான் நின்னுது. அப்படியே இறுக்கி ஓட்டலாமா, இல்ல வேற மாடல் பாக்கணுமா? நெஞ்சுச் சுத்தளவு 180 செ.மீ, உடம்பு நீளம் 158 செ.மீ, என் எடை 74 கிலோ.

பதில்: வணக்கம் தம்பி. முதல்ல அந்த வாரை ரெண்டு ஓட்டை தளர்த்திடுங்க, இறுக்கி ஓட்டவே கூடாது. சேணம் உருளுறதுக்குக் காரணம் வார் இல்ல, குதிரையோட உடம்பு வாகும் அதுக்குப் பொருந்தாத சேணமும்தான். நல்ல தோள் மேடு இருக்குற குதிரைல அந்த மேடே சேணத்தை ரெண்டு பக்கமும் சரியாம பிடிச்சு வைக்கும், உங்க குதிரைக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, அதுல சட்டமும் இல்லாத சேணத்தைப் போட்டா பிடிச்சு நிறுத்த எதுவுமே இல்லாம போயிடும். அதை வாரால ஈடுகட்டப் பார்த்தா வார் போற இடத்துல தோல் புண்ணாகும், குதிரையும் சேணத்தைக் கண்டாலே கடிக்க வரும். பந்தயக் குதிரைகள்ல செஞ்ச சோதனைலயே வார் இறுக்கம் கூடக்கூட சீக்கிரம் களைச்சுப்போறது தெரிஞ்சிருக்கு. வாரைப் பக்கவாட்டுல மட்டும் பார்க்காம முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல நெஞ்செலும்புக்குக் கீழ கை விட்டுப் பாருங்க, அங்க ரெண்டு விரல் தட்டையா போகணும்.

எந்த முதுகுக்கும் செட் ஆகும்னு சொல்றது பாதிதான் உண்மை. சாதா சேணத்துக்குள்ள மரத்துலயோ ஃபைபர்லயோ விறைப்பா ஒரு சட்டம் இருக்கும், அதுதான் ட்ரீ. அது முதுகோட வடிவத்துக்குச் சரியா இல்லன்னா உங்க குதிரைக்கு ஆன மாதிரி தோள்ல நெருக்கும், ஆனா சரியா அமைஞ்சா உங்க எடையை முதுகோட ரெண்டு பக்கத் தசைலயும் பரவலா இறக்குறதும் அதே சட்டம்தான், தண்டுவடத்து மேல எதுவும் படாம தூக்கிப் பிடிக்கிறதும் அதுதான். ட்ரீயை எடுத்துட்டா நெருக்கல் போயிடும், கூடவே அந்த ரெண்டு வேலையும் போயிடும். 2012ல அமெரிக்காவுல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க ரெண்டு வகை சேணத்துக்கு அடியிலயும் பிரஷர் அளக்குற ஷீட்டை வச்சு ட்ராட்ல, அதாவது நடையைவிட வேகமான துள்ளு ஓட்டத்துல, ஓட்டிப் பார்த்தாங்க, ட்ரீலெஸ்ல எடை குறைஞ்ச இடத்துல குவிஞ்சு, ஓட்டுறவரோட உட்கார்ற எலும்பு ரெண்டுக்கும் நேர் கீழ அழுத்தம் கூடுதலா இருந்துச்சு. இதுக்காக ட்ரீலெஸ் வேண்டாம்னு நான் சொல்லல, உங்க குதிரைக்கு அது நல்லாவே ஒத்துவரலாம், ஆனா சேணம் பாதி, அடியில போடுற பேட் பாதின்னு வச்சுக்கிட்டு வாங்கணும். சேணத்துக்கே காசெல்லாம் போட்டுட்டு அடியில ஏதோ ஒரு துணியைப் போட்டு ஓட்டுறவங்க குதிரைகள்லதான் முதுகு வலியை அதிகமா பார்க்குறோம்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி முதுகை அளந்துக்கோங்க. வளைச்சா வளைஞ்ச இடத்துலயே நிக்கிற கம்பி போதும். தோள்பட்டை எலும்புக்கு ரெண்டு மூணு விரல் பின்னாடி ஒரு இடம், முதுகு நடுவுல ஒண்ணு, கடைசி விலா எலும்புகிட்ட ஒண்ணு, மூணு இடத்துலயும் கம்பியைக் குறுக்க வச்சு அமுக்கி, அந்த வடிவம் கலையாம அட்டைல வரைஞ்சு வெட்டிக்கோங்க. தண்டுவடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கோடு கிட்டத்தட்ட நேரா போயி அதுக்கப்புறம்தான் விலாப் பக்கம் இறங்கினா உங்களுது நிஜமாவே தட்டை முதுகு. நடுவுலேர்ந்தே வளைஞ்சு இறங்கினா அது உருண்டை முதுகு, அதுக்குப் பாக்க வேண்டிய சேணமே வேற. கடைசி விலாவையும் விரலால தடவிக் கண்டுபிடிச்சு சாக்பீஸால கோடு போட்டுடுங்க, தட்டை முதுகுக் குதிரைங்க பல நேரம் முதுகு நீளம் குறைவாவும் இருக்கும், சேணத்தோட உட்கார்ற பகுதி அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால போகக்கூடாது.

இப்ப சேணம். ட்ரீலெஸ்ல ரெண்டு குடும்பம் இருக்கு. ஒண்ணு அடிப்பக்கம் வெறும் தட்டையான தோல் இல்ல ஃபோம், தண்டுவடத்துக்கு வழி விடுற வேலையை முழுசா பேடுதான் செய்யணும். இன்னொண்ணு அடியிலயே ரெண்டு திண்டு வச்சு நடுவுல வாய்க்கால் விட்டிருப்பாங்க. உங்க குதிரைக்கு ரெண்டாவதை முதல்ல பாருங்க, ஆனா திண்டு தட்டையா அகலமா இருக்கணும். கூரை மாதிரி சரிவா வச்ச திண்டைத் தட்டை முதுகுல வச்சா வெளி ஓரம் மட்டும் பட்டு நடுவுல காத்துதான் இருக்கும், சேணம் உயரமா நிக்கும், உயரமா நின்னா உருளும். நடு வாய்க்கால்ல மூணு நாலு விரல் தாராளமா போகணும், ஏன்னா தட்டை முதுகுல தண்டுவடம் தசையோட சமமா, சிலதுல தசைக்குள்ள பதிஞ்சே கூட இருக்கும், வாய்க்கால் குறுகலா இருந்தா நீங்க உட்கார்ந்ததும் நேரா எலும்பு மேல இறங்கிடும்.

முன்பக்க வளைவையும் பாருங்க. பேரு ட்ரீலெஸ்னாலும் பல மாடல்ல முன்னாடி மட்டும் ஒரு விறைப்பான வளைவு வச்சிருப்பாங்க. அதைக் கழட்டி அகலமானது மாத்துற வசதி இருக்குற மாடல் உங்களுக்கு நல்லது, குறுகின வளைவு வந்துட்டா பழைய சேணம் நெருக்கின அதே இடத்துலதான் இதுவும் நெருக்கும். அட்டைல வெட்டின முதல் வடிவத்தை அதுக்குள்ள வச்சுப் பார்த்தா அங்கயே தெரிஞ்சுடும்.

இதைவிட முக்கியம் அங்கவடி வார் எங்க மாட்டியிருக்குன்னு பாக்குறது, ரொம்பப் பேர் இதைக் கவனிக்கவே மாட்டாங்க. சில மாடல்ல ஒரு குறுகலான பட்டை முதுகைக் குறுக்க தாண்டிப் போயி ரெண்டு பக்கமும் அங்கவடி தொங்கும், நீங்க அங்கவடில எழுந்து நிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்க முழு எடையும் அந்தப் பட்டை வழியா தண்டுவடத்துக்குக் குறுக்க ஒரே கோட்டுல இறங்கும், தட்டை முதுகுக்கு அது நேரடி அடி. சேணத்தோட பக்கத்துல தொங்குற மடலைத் தூக்கிப் பாருங்க, பட்டை அகலமா இருக்கணும், இல்ல எடையைப் பரப்புற மாதிரி கீழ ஒரு தகடோ திண்டோ இருக்கணும். அப்படி இருந்தாலும் ட்ராட்ல ரொம்ப நேரம் அங்கவடில நின்னுக்கிட்டே போற பழக்கம், தடை தாண்டுற பழக்கம் இருந்தா ட்ரீலெஸ் வேண்டாம்.

வார் மாட்டுற பட்டை சேணத்தோட முன்னாடி ஒரு இடத்துலயும் பின்னாடி ஒரு இடத்துலயும் கிளம்பி கீழ ஒண்ணு சேருற மாதிரி இருந்தா நல்லது, ஒரே இடத்துலேர்ந்து தொங்கினா ஆட்டம் அதிகம். வார் அகலமா, எலாஸ்டிக் இருந்தா ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் எலாஸ்டிக் இருக்குற வாரைப் போட்டா சேணம் ஒரு பக்கமாவே இழுபடும். உருண்டு திரண்ட உடம்புக் குதிரைங்களுக்கு வார் படியிற பள்ளம் முன்னங்காலை ஒட்டி முன்னாடி இருக்கும், அது சேணத்தைத் தோள் மேல இழுத்துட்டு வரும், அப்படி ஆனா வால் அடியில போற பட்டை தேவைப்படும், அதைப் பல நாள் கொஞ்சம் கொஞ்சமா பழக்கிட்டுத்தான் போடணும். நெஞ்சுப் பட்டை சேணம் பின்னால போகாம பார்த்துக்கும், பக்கவாட்டுல உருளுறதுக்கு அதை நம்பாதீங்க.

பேட் விஷயத்துல எல்லாரும் பண்றது, உருளுதுன்னதும் இன்னும் தடியா ஒண்ணு போடுறது. போட்டா முதுகு இன்னும் உருண்டையாகும், நீங்க இன்னும் உயரத்துக்குப் போயிடுவீங்க, ஆட்டம் கூடத்தான் செய்யும். உள்ள ரெண்டு பக்கமும் தனித்தனியா ஃபோம் இல்ல ஃபெல்ட் செருகுற பை இருக்குற பேட் வாங்குங்க, ஒண்ணரைலேர்ந்து ரெண்டரை செ.மீ. தடிமன் போதும், நடுவுல தண்டுவடத்துக்கு மேல எதுவும் இருக்கக்கூடாது. ஃபோமைக் கட்டைவிரலால பலமா அமுக்கிப் பாருங்க, அடுத்த பக்கம் விரல் தெரியிற மாதிரி நசுங்கினா உங்க எடைக்கு அது தாங்காது. அடிப்பக்கம் கம்பளி ஃபெல்ட் மாதிரி முடியைப் பிடிக்கிற துணியா இருக்கட்டும், வழுவழுப்பானது வேண்டாம்.

எடைக் கணக்கு சொல்றேன். சுத்தளவை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி 11880ஆல வகுத்தா கிலோ வரும், உங்க அளவுக்கு 431 கிலோ. சேணத்தோட சேர்த்து 20 சதவீதம்ங்கறது பொதுவா சொல்ற மேல் எல்லை, அது 86 கிலோ. நீங்க 74, சேணமும் பேடும் ஒரு 7 கிலோன்னா 81, எல்லைக்குள்ள இருக்கீங்க ஆனா எல்லைகிட்டத்தான் இருக்கீங்க. அதனால ட்ரீலெஸ்ல தொடர்ந்து மூணு மணி நேரம் உட்கார்ந்தே போகாதீங்க, நடுநடுவுல இறங்கி கூடவே நடங்க. எப்பவும் ஒரு திண்ணை, கல்லு எது மேலயாவது நின்னு ஏறுங்க, தரையிலேர்ந்து ஒரு கால்ல தொங்கி ஏறினா எந்த ட்ரீலெஸ்ஸும் இந்த முதுகுல உருளத்தான் செய்யும். உங்க இடுப்புக்கும் ஒரு வார்த்தை, இவ்வளவு அகலமான குதிரைல ட்ரீலெஸ் போட்டா தொடை ரொம்ப விரிஞ்சு இடுப்பும் முட்டியும் வலிக்கும், நடுவுல உட்கார்ற இடம் கொஞ்சம் குறுகி எழும்பி இருக்குற மாடலா பாருங்க.

ஓட்டிப் பார்க்காம எதையும் வாங்காதீங்க. நீங்க மேல உட்கார்ந்துக்கிட்டு இன்னொருத்தரை விட்டு முன்பக்கத்துலேர்ந்து நடு வாய்க்கால்ல கையைச் செருகச் சொல்லுங்க, விரல் நசுங்காம போகணும். அப்புறம் நல்லா வேர்க்கிற வரைக்கும் ஓட்டிட்டு பேடை இழுக்காம நேரா மேல தூக்கி முதுகைப் பாருங்க. தண்டுவடத்து மேல நீளமா ஒரு காஞ்ச கோடு, ரெண்டு பக்கமும் சமமா ஈரம், இதுதான் நமக்கு வேணும். ஈரத்துக்கு நடுவுல உள்ளங்கை அளவு காஞ்ச திட்டு இருந்தா அங்க அழுத்தம் குவியுது, உட்கார்ற எலும்புக்குக் கீழயும் அங்கவடிப் பட்டைக்குக் கீழயும் குறிப்பா பாருங்க. முடி சுழிச்சிருந்தா சேணம் அங்க உரசி ஆடுது.

இன்னொண்ணு, முதுகு தட்டையா இருக்கறது வாகா, கொழுப்பான்னு பாருங்க. விலாவை லேசா தடவினா எலும்பு கைல படணும். அமுக்கித் தேடினாத்தான் கிடைக்குது, கழுத்து மேல் விளிம்பு தடிச்சு கெட்டியா இருக்கு, முதுகு நடுவுல பள்ளமா கோடு விழுதுன்னா அது கொழுப்பு, குளம்பு அழற்சி வரக்கூடிய நிலை. அப்படின்னா தீவனத்தைச் சரி பண்ணிட்டு சேணம் வாங்குங்க, இளைச்சா முதுகு வடிவமே மாறிடும், இன்னைக்கு வாங்கினது அப்ப ஆகாது.

பழைய வெள்ளை முடி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனா அந்த இடத்தையும், தண்டுவடத்துக்கு ரெண்டு பக்கத் தசையையும் விரல் நுனியால பின்பக்கம் வரை அமுக்கிட்டே போங்க. குதிரை முதுகைக் கீழ இறக்குச்சுன்னா, காதைப் பின்னால மடக்குச்சுன்னா, வாலை வீசுச்சுன்னா இன்னும் வலி இருக்கு, கால்நடை டாக்டர்கிட்ட காட்டி அது ஆறுற வரைக்கும் எந்தச் சேணமும் போடாதீங்க, கையில பிடிச்சு நடக்க வைங்க போதும்.